அறுபத்தைந்து வயது என்னும் எல்லை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவர் தமது 65-ஆம் வயதை எட்டும் மாதத்தில், அவருடைய தேகநிலையில் யாதொரு மாறுதலும் நிகழாதிருந்தும், அவருடைய நோய்ச் செலவுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற விஷயம் மாத்திரம் அடியோடு மாறிவிடுகிறது. முந்திய மாதம் வரையில் அப்பொறுப்பை அவருக்கு வேலை தந்த முதலாளியோ, அவரே பிரீமியம் கட்டிவந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, வறியவர்களுக்கென்று மாநில அரசுகள் மத்திய அரசின் உதவியோடு நடத்தும் மெடிகெய்ட் திட்டமோ ஏற்றிருக்கலாம். ஒருவருமே ஏற்காமலும் இருந்திருக்கலாம். அந்த மாதம் முதற்கொண்டு மெடிகேர் என்னும் மத்திய அரசின் மருத்துவ இன்ஷூரன்ஸ், செல்வர் வறியர் என்ற பேதம் பாராட்டாமலும், முன்பே பீடித்திருந்த நோயை ஒரு தடையாகக் கருதாமலும் அவரைத் தன் பாதுகாப்பில் சேர்த்துக்கொள்கிறது. இன்று 6 கோடியே 50 லட்சம் பேருக்கு மேல் இத்திட்டத்தின் பயனை அடைந்துவருகிறார்கள். இந்தப் பாதுகாப்பைப் பிறந்த குழந்தை முதல் சகல வயதினருக்கும் விரித்துவிட்டால் என்ன என்ற கேள்வியோ, அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்நாட்டில் எழுவதும் அடங்குவதுமாக இருந்துவருகிறது.

இக்கேள்வியை ஆதரிப்போர் தர்ம நியாயத்தையும், எதிர்ப்போர் வரிச் சுமையையும் முன்னிறுத்தி வாதாடுவது வழக்கம். இரு தரப்பாரும் போதிய அளவு கவனியாத அம்சம் ஒன்று உண்டு. நோயை வைத்தோ சிகிச்சையின் வகையை வைத்தோ பிரிக்காமல், வயதை வைத்து மக்களைப் பிரித்த ஆதி முடிவே பின்னால் வந்த அரசியலின் போக்கை நிர்ணயித்தது என்பதே அது. ஏணியின் முதற்படி என்று எண்ணி வைக்கப்பட்ட ஓர் எல்லை, நாளடைவில் வேலியாக இறுகிப்போன வரலாற்றை அறிந்த பிறகே, அவ்வேலியை அகற்றுவது எவ்வளவு சாத்தியம், எந்த வழியில் சாத்தியம் என்பதை எடைபோட முடியும்.

பின்வாங்கலில் பிறந்த திட்டம்

மெடிகேரின் பூர்விகத்தை ஆராய்ந்தால், அது முதியோரை முன்னிட்டுத் தொடங்கிய முயற்சி அன்று என்பது புலப்படும். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1934-இல், ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நியமித்த பொருளாதாரப் பாதுகாப்புக் குழு, ஓய்வூதியத்தோடும் வேலையில்லாதோர் உதவியோடும் மருத்துவ இன்ஷூரன்ஸையும் சேர்த்தே பரிசீலித்தது. ஆயினும், வைத்தியர்களின் எதிர்ப்பு மசோதா முழுவதையுமே கவிழ்த்துவிடக்கூடும் என்ற அச்சத்தால் மருத்துவம் ஒதுக்கிவைக்கப்பட்டு, எஞ்சியவையே 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமாக உருப்பெற்றன. ஓய்வூதியத்துக்குரிய வயது 65 என்று அச்சட்டம் வகுத்தது. பிற்காலத்தில் மருத்துவ இன்ஷூரன்ஸும் அதே எண்ணைப் பற்றிக்கொண்டதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் தேட வேண்டியதில்லை; ஓய்வூதியச் சட்டத்தின் நிழலில் அது வளர்ந்தது என்பதே காரணம்.

ஒதுக்கிவைத்ததை மீட்கும் முயற்சிகள் தொடர்ந்து நிகழ்ந்தன. 1943-இல் வாக்னர், மர்ரே, டிங்கெல் ஆகிய மூவர் காங்கிரஸில் கொண்டுவந்த மசோதாவும், 1945 நவம்பர் 19-ஆம் தேதி ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியும் வயது வரம்பு குறிப்பிடாத தேசிய மருத்துவ இன்ஷூரன்ஸையே கோரின. 1948 தேர்தலில் ட்ரூமன் எதிர்பாராத வெற்றி பெற்றதும் கலக்கமுற்ற அமெரிக்க மருத்துவ சங்கம், தன் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் விசேஷச் சந்தா விதித்து, கலிஃபோர்னியாவில் பெயர் பெற்றிருந்த விட்டேக்கர்–பாக்ஸ்டர் என்ற பிரசார நிலையத்தை அமர்த்தி, அக்காலத்தில் அதற்கு முன் கண்டிராத அளவில் பணம் செலவிட்டு, இது ‘சோஷலிச வைத்தியம்’ என்ற பயத்தை நாடெங்கும் பரப்பியது. ரஷ்யாவோடு பகைமை முற்றிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில் அவ்வொரு சொல்லே மசோதாவை வீழ்த்தப் போதுமானதாக இருந்தது.

தோல்வியுற்றவர்கள் யோசித்துக் கண்ட யுக்திதான் முதியோர் இன்ஷூரன்ஸ். ஃபெடரல் செக்யூரிட்டி ஏஜென்சி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் தலைவராயிருந்த ஆஸ்கார் யூவிங்கும், வில்பர் கோஹன், ஐசிடோர் ஃபால்க் என்ற நிபுணர்களும், 1951-52-இல், ஓய்வூதியம் பெறுவோருக்கு மட்டும் ஆஸ்பத்திரிச் செலவை இன்ஷூர் செய்யும் யோசனையை வெளியிட்டார்கள். முதியோர் பிறரைவிட அதிகமாக நோயுறுகிறவர்கள், வருமானம் குன்றியவர்கள், முதலாளி என்று ஒருவர் இல்லாதவர்கள், கம்பெனிகள் இன்ஷூர் செய்யத் தயங்குகிறவர்கள். உழைக்கும் காலத்தில் வரி செலுத்திவிட்டு ஓய்ந்திருக்கும் இவர்களைச் சோம்பேறிகள் என்று தூற்ற எவருக்கும் நா எழாது. இவர்களுக்கு முதலில் வாயிலைத் திறந்துவிட்டால், காலக்கிரமத்தில் மற்றவர்களும் அவ்வழியே நுழைவார்கள் என்பது அந்த நிபுணர்களின் எதிர்பார்ப்பு. திட்டத்தின் சிற்பிகளுள் ஒருவரும், சமூகப் பாதுகாப்பு இலாகாவின் ஆணையராக விளங்கியவருமான ராபர்ட் பால், மெடிகேரைச் சகலருக்குமான இன்ஷூரன்ஸின் முதற்படியாகவே தாங்கள் கருதியதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். அடுத்த படியாகக் குழந்தைகளைச் சேர்ப்பது என்ற நினைவும் அவர்களிடையே இருந்தது.

சுருக்கப்பட்ட கோரிக்கையும் எளிதில் கைகூடவில்லை. 1957-இல் ரோட் ஐலண்ட் பிரதிநிதி ஃபோரண்ட் கொண்டுவந்த மசோதா தேங்கியது. 1961-இல் மருத்துவ சங்கம், நடிகராயிருந்த ரொனால்டு ரீகனின் எச்சரிக்கைப் பேச்சை இசைத்தட்டில் பதிவுசெய்து, வைத்தியர்களின் மனைவியர் கூட்டும் காப்பி விருந்துகளில் ஒலிக்கச் செய்தது. 1962-இல் ஜனாதிபதி கென்னடி நேரில் முனைந்தும், செனட் சபையில் 52-க்கு 48 என்ற வாக்கு வித்தியாசத்தில் திட்டம் தோற்றது. 1964 தேர்தலில் லிண்டன் ஜான்சனின் கட்சி பெற்ற மகத்தான வெற்றியே நிலைமையை மாற்றியது. அதுவரை தடையாய் நின்ற பிரதிநிதிகள் சபையின் வரிக்குழுத் தலைவர் வில்பர் மில்ஸ், காற்றின் திசையை அறிந்து, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வரியின் மூலம் ஒரு பகுதி, வைத்தியர் கட்டணத்துக்கு மாதச் சந்தாவின் மூலம் ஒரு பகுதி, வறியோருக்கு மெடிகெய்ட் என்ற மூன்றாவது பகுதி ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே மசோதாவாக்கினார். 1965 ஜூலை 30-ஆம் தேதி மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகரில், ட்ரூமன் நூலகத்தில், ஜான்சன் அதில் கையொப்பமிட்டு, முதல் உறுப்பினர் அட்டையை ட்ரூமனுக்கே அளித்தார். 1966 ஜூலை முதல் தேதி திட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் முதியோர் அதில் சேர்ந்திருந்தார்கள்.

எல்லை விளைத்த நன்மை

மெடிகேர் செய்த முதற்பெரும் காரியம் மருத்துவத்துறையைச் சேர்ந்ததே அன்று என்று கூறினால் வியப்பாயிருக்கும். மத்திய அரசின் பணம் பெறும் ஸ்தாபனங்கள் நிறபேதம் பாராட்டலாகாது என்று 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் விதித்திருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பருக்குத் தனி வார்டும், பல இடங்களில் அனுமதி மறுப்பும் வழக்கமாயிருந்த ஆஸ்பத்திரிகள், முதியோர் சிகிச்சைக்காக வரவிருந்த பெருந்தொகையை இழக்க மனமின்றி, சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை தம் கதவுகளைப் பேதமின்றித் திறந்தன. நீதிமன்றத் தீர்ப்புகளாலும் கிளர்ச்சிகளாலும் அணுவணுவாக நடந்துவந்த மாறுதலை, பணம் தருபவர் ஒருவரே என்ற நிலை விரைவில் சாதித்துவிட்டது.

ஆரோக்கியத்தின் மீது திட்டம் கொண்ட விளைவை அளப்பது இதைவிடக் கடினமானது. ஏமி ஃபிங்கெல்ஸ்டைன், ராபின் மக்நைட் என்ற பொருளாதார அறிஞர்கள் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் பத்தாண்டுகளில் முதியோரின் மரண விகிதத்தில் மெடிகேரால் புலப்படத்தக்க குறைவு ஏற்படவில்லை என்றும், ஆனால் மிகப் பெரிய மருத்துவச் செலவுக்கு ஆளான கால்பங்கினரின் கைச்செலவு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது என்றும் கண்டார்கள். உயிரைக் காப்பதற்கு முன், குடும்பத்தின் சேமிப்பை அது காத்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். டேவிட் கார்ட், கார்லோஸ் டாப்கின், நிக்கோல் மாஸ்டாஸ் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொரு சித்திரத்தைத் தருகிறது. கலிஃபோர்னியாவில் அவசர சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த கடும் நோயாளிகளுள், 65 வயதுக்குச் சற்று முன் நின்றவர்களையும் சற்றே கடந்தவர்களையும் அவர்கள் ஒப்புநோக்கினார்கள். நோயிலும் தேகநிலையிலும் ஒத்த இவ்விரு சாராரிடையே, எல்லையைக் கடந்தவர்களுக்குச் சிகிச்சை சற்று அதிகமாகக் கிடைத்ததும், ஏழு நாட்களுக்குள் இறப்போர் தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததும் தெரியவந்தன. பிறந்த தேதி சில மாதங்கள் முன்பின்னாக அமைந்ததைப் பொறுத்து ஒருவரது உயிர் நிலைப்பது தீர்மானமாகிறது என்ற இந்த முடிவைவிட, எல்லையின் நியாயத்தை வினவுவதற்கு வலுவான சான்று வேண்டுவதில்லை.

வயதைப் பாராத ஒரு நோய்

எல்லை ஏற்கெனவே ஓரிடத்தில் உடைக்கப்பட்டிருக்கிறது. 1960-இல் சியாட்டில் நகரத்து வைத்தியர் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையில் நிரந்தரமாகப் பொருத்திவைக்கத்தக்க ஒரு குழாயை அமைத்தார். அதன் பயனாக, சிறுநீரகம் செயலற்றவர்களுக்கு வாரந்தோறும் டயாலிசிஸ் செய்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது சாத்தியமாயிற்று. இயந்திரங்களோ சில, வேண்டுவோரோ பலர். ஆதலால் அந்நகரில் 1962-இல் தொடங்கிய செயற்கைச் சிறுநீரக நிலையம், எவருக்குச் சிகிச்சை அளிப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, ஊர்ப் பிரமுகர்களும் சாமானியர்களும் அடங்கிய எழுவர் குழுவிடம் ஒப்படைத்தது. குழந்தைகள் எத்தனை, வேலை என்ன, தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் நிறுத்துப் பார்த்து உயிர்ப்பிச்சை வழங்கிய அந்தக் குழுவைப் பற்றி ‘லைஃப்’ பத்திரிகை எழுதிய கட்டுரை தேசத்தின் மனச்சாட்சியை உறுத்தியது. 1971-இல் ஒரு நோயாளி காங்கிரஸ் வரிக்குழுவின் முன்னிலையிலேயே இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுச் சாட்சி சொன்னார். மறு ஆண்டு செப்டம்பரில், செனட்டர் வான்ஸ் ஹார்ட்கி கொண்டுவந்த திருத்தத்தை, அரை மணி நேர விவாதத்துக்குப் பின், 52-க்கு 3 என்ற வாக்குகளால் செனட் ஏற்றது. அதன்படி 1973 ஜூலை முதல், தாமோ தம் துணைவரோ பெற்றோரோ சமூகப் பாதுகாப்பு வரி செலுத்தியிருந்தால், சிறுநீரகம் செயலிழந்த எவரும் எந்த வயதினராயினும் மெடிகேருக்கு உரியவரானார். ஊனமுற்றோரும் இரண்டாண்டுக் காத்திருப்புக்குப் பின் உரிமை பெற்றது அதே சட்டத்தினால்தான்.

இந்நிகழ்ச்சி இரண்டு விஷயங்களைப் போதிக்கிறது. பணமில்லாமையால் நேரும் மரணம் கண்ணெதிரே நிகழ்ந்தபோது, முப்பது ஆண்டுகள் நீடித்த சித்தாந்த யுத்தம் அரை மணி நேரத்தில் அடங்கிற்று என்பது ஒன்று. முன்னர் கணக்கிட்டதைவிட நோயாளிகளும் செலவும் பன்மடங்கு பெருகிய பின்னரும் அந்த உரிமையைத் திரும்பப் பெறுவது பற்றி எவரும் மூச்சுவிடவில்லை என்பது மற்றொன்று. ஆயினும், புற்றுநோய்க்கோ இருதய நோய்க்கோ இதே நியாயம் நீட்டப்படவில்லை. சிறுநீரக நோய் மாத்திரம் பெற்ற இந்த அதிர்ஷ்டம், காணும்படி நிகழ்ந்த துன்பத்துக்கும் காணாதபடி நிகழ்ந்த துன்பத்துக்கும் இடையிலிருந்த பேதத்தையே காட்டுகிறது.

ஏணி வேலியானது எப்படி?

வடக்கே அண்டை நாடாகிய கனடா இதே காலத்தில் வேறு மார்க்கத்தில் சென்றது. சஸ்காட்செவன் மாநிலத்தில் டாமி டக்ளஸின் அரசாங்கம் 1947-இல் ஆஸ்பத்திரிச் செலவை மட்டும், ஆனால் எல்லா வயதினருக்கும், பொது இன்ஷூரன்ஸில் சேர்த்தது. 1957-இல் அதற்கு மத்தியச் சட்டம் துணை நின்றது. 1962-இல் அதே மாநிலம் வைத்தியர் கட்டணத்தையும் சேர்த்தபோது வைத்தியர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தும் திட்டம் நிலைத்தது. 1966-இல் அதுவும் தேசமெங்கும் பரவச் சட்டம் வந்தது. அமெரிக்கா மக்களைப் பிரித்து ஒரு சாராருக்குப் பல சேவைகளை அளித்தது. கனடா சேவைகளைப் பிரித்து ஒரு சேவையைச் சகலருக்கும் அளித்தது. சேவைகளைப் பிரித்த இடத்தில், அடுத்த சேவையைச் சேர்க்கக் கோருவோர் நாட்டு மக்கள் அனைவரும். மக்களைப் பிரித்த இடத்திலோ, உள்ளே இருப்பவர்களுக்குத் தம் பங்கு குறைந்துவிடுமோ என்ற கவலையும், வெளியே இருப்பவர்களுக்குத் தங்களுக்குள் ஒற்றுமையின்மையும் உண்டாகின்றன.

அமெரிக்காவில் எல்லைக்கு வெளியே நின்றவர்கள் ஒரே திரளாக இல்லாமற் போனதற்குத் தனிக் காரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942-இல் கூலி உயர்வு கட்டுப்படுத்தப்பட்டபோது, தொழிலாளரைக் கவர விரும்பிய முதலாளிகள் கட்டுப்பாட்டில் சேராத மருத்துவ இன்ஷூரன்ஸை அளிக்கத் தலைப்பட்டார்கள். அதற்கு அவர்கள் செலவிடும் தொகை தொழிலாளியின் வருமானமாகக் கருதப்படாது என்று 1954-ஆம் ஆண்டு வரிச் சட்டம் உறுதிப்படுத்தியது. இவ்வகையில் அரசு விட்டுக்கொடுக்கும் வரி இன்று ஆண்டுக்கு 20,000 கோடி டாலருக்கு மேலாகும். உத்தியோகம் உள்ளவருக்கு முதலாளியும், முதியவருக்கு மெடிகேரும், வறியவருக்கு மெடிகெய்டும், 1997 முதல் குறைந்த வருமானக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு மற்றொரு திட்டமும், 2010-ஆம் ஆண்டு மருத்துவச் சீர்திருத்தச் சட்டத்தின்பின் தனித்து வாங்குவோருக்கு மானியமும் என்று அணிகள் பலவாயின. எல்லாவற்றுக்கும் வெளியே இன்னமும் நிற்பவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 60 லட்சம் பேர். ஒரு பெரிய தேசத்தின் ஜனத்தொகை அளவினராயினும், அமெரிக்க வாக்காளருள் அவர்கள் சிறுபான்மையே.

வயதைக் குறைக்கும் பிரேரணைகள்

எல்லையை நகர்த்தும் யோசனைகள் இரு கட்சிகளிலிருந்தும் தோன்றியதுண்டு. 1970-இல் நியூயார்க் மாநிலத்துக் குடியரசுக் கட்சி செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ், மெடிகேரைச் சகலருக்கும் விரிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1998-இல் ஜனாதிபதி கிளிண்டன், 62 முதல் 64 வரை வயதுள்ளோர் விலை கொடுத்துச் சேரலாம் என்றார். 2009 டிசம்பரில், மருத்துவச் சீர்திருத்த மசோதாவின் இறுதிக் கட்டத்தில், 55 முதல் 64 வரை வயதுள்ளோருக்கு அவ்வாய்ப்பை அளிக்கும் சமரசம் உருவாகி, கனெக்டிகட் செனட்டர் ஜோசப் லீபர்மன் ஒருவரின் எதிர்ப்பால் சில நாட்களில் கைவிடப்பட்டது. 2003-இல் பிரதிநிதி ஜான் கான்யர்ஸும், 2017-இல் செனட்டர் பெர்னி சாண்டர்ஸும், 2019-இல் பிரதிநிதி பிரமிளா ஜெயபாலும் கொண்டுவந்த மசோதாக்கள் எல்லையையே அழிக்க முற்பட்டவை. சாண்டர்ஸின் திட்டத்தில், குழந்தைகளை முதலாண்டிலேயே சேர்த்துக்கொண்டு, 55, 45, 35 என்று ஆண்டுதோறும் வயதை இறக்கி, நான்காம் ஆண்டில் அனைவரையும் உட்கொள்ளும் ஒரு கிரமம் வகுக்கப்பட்டிருந்தது. ஜெயபாலின் மசோதா அக்காலத்தை இரண்டே ஆண்டாகச் சுருக்கியது.

இம்மசோதாக்கள் இப்போதுள்ள மெடிகேரை அப்படியே எல்லோருக்கும் நீட்டவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். இன்றைய மெடிகேர் பூரணமான பாதுகாப்பு அன்று. 2025-இல் ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதியவர் முதல் 1,676 டாலரைத் தாமே செலுத்த வேண்டியிருந்தது; வைத்தியர் கட்டணப் பகுதிக்கு அவ்வாண்டில் மாதம் 185 டாலர் பிரீமியம் இருந்தது; பல் வைத்தியமும், மூக்குக் கண்ணாடியும், காது கேட்கும் கருவியும், நெடுநாள் பராமரிப்பும் பெரும்பாலும் அடங்கா. இக்குறைகளை நிரப்பப் பலர் தனியார் இன்ஷூரன்ஸை மேலும் வாங்குகிறார்கள்; உறுப்பினருள் பாதிக்கு மேற்பட்டோர், அரசு பணம் தர, தனியார் கம்பெனிகளே நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் என்ற பிரிவில் சேர்ந்துவிட்டார்கள். சாண்டர்ஸும் ஜெயபாலும் வேண்டுவதோ, நோயாளி கட்டணமாக ஏறக்குறைய எதுவும் செலுத்தாத, பல், கண், செவி அனைத்தும் அடங்கிய, தனியார் இன்ஷூரன்ஸுக்கு இடமளிக்காத ஒரே திட்டம். எல்லையை அகற்றுவதும் பயனைப் பெருக்குவதும் தனித்தனி முடிவுகள். இரண்டையும் ஒரே மசோதாவில் பிணைத்ததால், முதலாவதன் செலவு எவ்வளவு, இரண்டாவதன் செலவு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாத குழப்பம் விவாதத்தில் புகுந்தது.

செலவா, விலையா?

2023-இல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவிட்ட தொகை 4.9 லட்சம் கோடி டாலர். தேசிய உற்பத்தியில் 17.6 சதவீதம்; தலைக்கு 14,570 டாலர். இப்பெருந்தொகையின் பின்னணியிலேயே விரிவாக்கத்தின் மதிப்பீடுகளை நோக்க வேண்டும். 2018-இல் மெர்க்காட்டஸ் ஆராய்ச்சி நிலையத்தின் சார்ல்ஸ் பிளாஹவுஸ், சாண்டர்ஸ் திட்டத்தால் மத்திய அரசின் செலவு பத்தாண்டில் 32.6 லட்சம் கோடி டாலர் அதிகரிக்கும் என்று கணித்தார். ஆனால் மசோதா கூறுகிறபடியே ஆஸ்பத்திரிகளுக்கும் வைத்தியர்களுக்கும் மெடிகேர் விகிதத்தில் பணம் தரப்படுமானால், தேசத்தின் மொத்த மருத்துவச் செலவு ஏறக்குறைய 2 லட்சம் கோடி டாலர் குறையும் என்பதும் அதே கணக்கிலிருந்து வெளிப்பட்டது. 2019-இல் அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆராய்ச்சி நிலையம், மத்திய அரசின் செலவு 34 லட்சம் கோடி டாலரும், தேசத்தின் மொத்தச் செலவு 7 லட்சம் கோடி டாலரும் கூடும் என்றது. 2020 டிசம்பரில் காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் ஐந்து வகையான திட்டங்களை ஆராய்ந்து, 2030-ஆம் ஆண்டில் மொத்தச் செலவு 70,000 கோடி டாலர் குறைவதிலிருந்து 30,000 கோடி டாலர் கூடுவது வரையில் திட்டத்தின் அமைப்புக்கேற்ப வேறுபடும் என்று கண்டது.

நிபுணர்கள் இவ்வளவு மாறுபடுவதற்கு அவர்களின் அரசியல் சார்பு ஓரளவே காரணம். ஆஸ்பத்திரிக்கு ஒரு சிகிச்சைக்கு எவ்வளவு கொடுப்பது என்ற ஒரே எண்ணை மாற்றினால் விடை முழுவதும் மாறிவிடுகிறது. தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆஸ்பத்திரிகளுக்கு மெடிகேர் தருவதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு தருகின்றன என்று ராண்ட் ஆராய்ச்சி நிலையம் 2022-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு காட்டியுள்ளது. எல்லோருக்கும் மெடிகேர் விகிதமே என்றால் சேமிப்பு அபாரம். அந்தச் சேமிப்பு ஆஸ்பத்திரிகளின் வருமான இழப்பாகவும் இருக்கும். இழப்பை ஈடுசெய்ய விகிதத்தை உயர்த்தினால் சேமிப்பு கரைந்துவிடும்.

விலை நிர்ணயத்தில் மெடிகேரின் சொந்த வரலாறே படிப்பினை தருகிறது. 1965-இல் வைத்தியர்களையும் ஆஸ்பத்திரிகளையும் சமாதானப்படுத்தும் பொருட்டு, அவர்களுடைய வழக்கமான கட்டணத்தையும் நியாயமான செலவையும் கேட்டபடி தருவதாகச் சட்டம் ஒப்புக்கொண்டது. விளைவு, செலவு கட்டுக்கடங்காமல் ஏறியது. 1983-இல்தான் நோயின் வகைக்கேற்ப ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே நிர்ணயித்த தொகையும், ஹார்வர்ட் பேராசிரியர் வில்லியம் ஷியாவ் குழுவினர் வகுத்த முறைப்படி 1992-இல்தான் வைத்தியருக்கு நிர்ணயக் கட்டணமும் நடைமுறைக்கு வந்தன. 2003-இல் மருந்துக்கு இன்ஷூரன்ஸ் சேர்த்தபோது, அரசு விலைபேசக் கூடாது என்றே சட்டம் தடை விதித்தது; 2022-இல் அத்தடையின் ஒரு பகுதி தளர்ந்து, முதல் பத்து மருந்துகளின் பேசி முடித்த விலை 2026-இல் அமலாயிற்று. உரிமை ஒரு நாளில் வழங்கப்பட்டது. விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அறுபது ஆண்டுகளாகத் துளித்துளியாக மீட்கப்பட்டுவருகிறது.

மறைந்த செலவும் தெரிகின்ற வரியும்

2024-இல் முதலாளி மூலம் கிடைக்கும் குடும்ப இன்ஷூரன்ஸின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 25,572 டாலர். அதில் தொழிலாளி தம் சம்பளத்திலிருந்து கொடுப்பதாக அறிவது 6,296 டாலரே. எஞ்சியதும் அவருடைய உழைப்பின் ஊதியத்திலிருந்து கழிந்ததே என்று பொருளாதார நூலார் கூறினாலும், கண்ணுக்குப் புலப்படாத கழிவு மனத்தை வருத்துவதில்லை. விரிவாக்கம் அந்த மறைந்த தொகையை வரியாக வெளிக்கொணரும். வெர்மாண்ட் மாநிலம் 2011-இல் தன் மக்கள் அனைவருக்கும் ஒரே இன்ஷூரன்ஸ் அமைக்கச் சட்டமியற்றி, முதலாளிகள் மீது 11.5 சதவீத ஊதிய வரியும், அதன் மேல் வருமான வரியும் வேண்டியிருக்கும் என்ற கணக்கு வெளிவந்ததும் 2014 டிசம்பரில் அதைக் கைவிட்டது. கைசர் குடும்ப அறநிறுவனம் 2019 ஜனவரியில் எடுத்த அபிப்பிராயக் கணிப்பில், சகலருக்கும் மெடிகேர் என்பதை 56 சதவீதத்தினர் ஆதரித்தனர். தனியார் இன்ஷூரன்ஸ் ஒழியும் என்றோ, பெரும்பாலோர் அதிக வரி செலுத்த நேரும் என்றோ கேட்டபோது ஆதரவு 37 சதவீதமாகச் சுருங்கிற்று.

பழைய எதிராளிகளின் அணியிலும் மாறுதல் தோன்றியிருக்கிறது. 2019-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பிரதிநிதிகள் கூட்டத்தில், ஒரே பொது இன்ஷூரன்ஸுக்கான எதிர்ப்பைக் கைவிடுவது என்ற தீர்மானம் 47-க்கு 53 சதவீத வாக்குகளில்தான் தோற்றது. மறு ஆண்டே, உள்நோய் வைத்தியர்களின் அமெரிக்கக் கல்லூரி அத்தகைய இன்ஷூரன்ஸை ஏற்கத்தக்க மார்க்கங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. மாறாக, பேரம் பேசித் தங்களுக்கு நல்ல இன்ஷூரன்ஸை வென்றெடுத்த தொழிற்சங்கங்கள் சில அதனை இழக்கத் தயங்குகின்றன. உள்ளே இருப்போர் வேலிக்குக் காவலராவது முதியோருக்கு மாத்திரம் உரிய குணம் அன்று. அணி பிரிக்கப்பட்ட ஒவ்வொரு திட்டத்திலும் அது தோன்றுகிறது.

இக்குணத்தை வென்ற நாடுகள் உண்டு. தைவான், தொழிலாளர், அரசு ஊழியர், குடியானவர் என்று தனித்தனியே இயங்கிய இன்ஷூரன்ஸ்களை ஒன்றாக்கி, 1995 மார்ச் முதல் தேதி ஒரே தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. மெடிகேரின் வைத்தியர் கட்டண முறையை வகுத்த அதே ஷியாவ் அதற்கும் ஆலோசகராக இருந்தார். கனடாவின் அண்மை அனுபவம் இன்னும் பொருத்தமானது. தனியார் இன்ஷூரன்ஸ் இல்லாத, நடுத்தர வருமானத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் பொதுச் செலவில் பல் வைத்தியம் அளிக்கும் திட்டத்துக்கு, 2023 டிசம்பரில் 87 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடமிருந்து விண்ணப்பம் பெறத் தொடங்கி, படிப்படியாக வயதை இறக்கி, இடையில் சிறுவர்களையும் சேர்த்து, 2025-இல் எல்லா வயதினருக்கும் திறந்துவிட்டார்கள். அங்கும் முதியோரே முதலில் நுழைந்தார்கள். ஆனால் அடுத்தவர் நுழைய வேண்டிய காலம் தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. வயது அங்கே ஓர் அட்டவணையாக இருந்தது. அமெரிக்காவிலோ ஒரு பட்டயமாக ஆயிற்று.

1965-இன் சிற்பிகள் செய்த பிழை இதில்தான் இருக்கிறது. முதியோரிடமிருந்து தொடங்கியதைக் குறைகூற இடமில்லை. அக்கால அரசியலில் வேறு வழி திறந்திருக்கவில்லை. அடுத்த வகுப்பார் எப்போது சேர்வார்கள் என்பதைச் சட்டத்தில் எழுதாமல், வருங்காலக் காங்கிரஸின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்டார்கள். அத்துடன் விலை நிர்ணயிக்கும் உரிமையையும் சமாதானத்தின் விலையாகக் கொடுத்துவிட்டார்கள். இவ்விரண்டு குறைகளுள் முதலாவதைச் சாண்டர்ஸின் நான்காண்டுக் கிரமம் நிவர்த்தி செய்ய முயல்கிறது. இரண்டாவதற்கு, ஆஸ்பத்திரிகளுக்குத் தரப்போகும் விகிதம் என்ன, கிராமப்புறத்துச் சிறு ஆஸ்பத்திரிகளுக்கு விதிவிலக்கு என்ன, தொழிலாளியின் பெயரால் இதுவரை பிரீமியமாகச் சென்ற தொகை ஊதியமாக அவருக்குத் திரும்புமாறு செய்வது எவ்வாறு என்பவற்றை வெளிப்படையாகச் சொல்லும் துணிவு வேண்டும். அவ்வாறு சொல்லும் மசோதாவுக்கு எதிரிகள் பெருகுவது நிச்சயம். எனினும், விலையைப் பற்றி மௌனம் சாதித்து வயதை மட்டும் 60 என்றோ 55 என்றோ இறக்கும் சட்டம், புதிதாக ஒரு சாராரை வேலிக்குள் அழைத்துக்கொண்டு, அடுத்த காவலரை நியமித்ததோடு நின்றுவிடும்.